உக்கடம் பெரியகுளத்தில் ஒரு பழைய பரிசலைப் பழுதுபார்த்த கதை

கோயம்புத்தூர் உக்கடம் பெரியகுளத்தில் மீன்பிடிக்கிறவர்கள் இன்னும் பரிசலில்தான் போகிறார்கள். ஒரு பக்கம் உக்கடம் மேம்பாலமும் பேருந்து நிலையமும், இன்னொரு பக்கம் செல்வபுரத்து வீடுகளும் நெருக்கி நிற்கிற 320 ஏக்கர் தண்ணீர் அது. அதில் அவர்களுக்கு வண்டி என்று இருப்பது மூங்கிலும் சாக்கும் தாரும் சேர்ந்த ஒரு வட்டத் தட்டுதான். அப்படி ஒரு பரிசலைக் குளக்கரையிலேயே வைத்து உரித்து, கட்டி, தார் பூசி மறுபடி தண்ணீரில் இறக்கினோம். இந்த வேலையைத் தெரிந்தவர்கள் எழுதுவதில்லை, எழுதுகிறவர்கள் இந்த வேலைக்கு வருவதில்லை என்பதால் நடந்ததை முடிந்தவரை விவரமாகவே பதிந்து வைக்கிறேன்.

பரிசல் ஒரு மீன்கார அண்ணனுடையது. கரையில் நடக்கப் போகும்போது ஏற்பட்ட பழக்கம். சாயங்காலம் தங்கூசி (நைலான் இழை) வலையைக் கட்டிவிட்டு விடிகாலையில் போய் எடுப்பவர். ஜிலேபி, கட்லா, ரோகு, சில நாள் விரால், கெளுத்தி என்று கிடைப்பதைக் கரையிலேயே உயிரோடு விற்றுவிடுவார். பரிசல் ஓட்டையாகிப் பூவரச மரத்தடியில் கவிழ்ந்து கிடந்ததால் அவர் இன்னொருவர் பரிசலில் பங்குக்குப் போய்க்கொண்டிருந்தார், அதாவது பிடித்ததில் ஒரு பகுதி பரிசலுக்கு. சாமான் வாங்கும் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், வேலையைக் கற்றுக்கொடுங்கள், கூட நின்று செய்கிறேன் என்று கேட்டேன். "அதுக்கென்னங்க தம்பி, வாங்க. தார் வேலை, சட்டை போனாப் போனதுதான், பார்த்துக்கோங்க" என்றார்.

முதல் வேலை ஓட்டை எங்கே என்று கண்டுபிடிப்பது. பரிசலில் தண்ணீர் ஊற்றி வெளியே எங்கே கசிகிறது என்று பார்க்கலாம்தான், ஆனால் உள்ளே ஊறிய மூங்கில் காய்வதற்கு வெகுநேரம் ஆகும். அண்ணன் சொன்ன வழி அதைவிட நல்ல வழி. நல்ல வெயில் நேரத்தில் பரிசலைக் கவிழ்த்து, ஒரு பக்கத்தை மட்டும் செங்கல் வைத்துத் தூக்கி, உள்ளே நுழைந்து படுத்துக்கொள்ள வேண்டும். கண் இருட்டுக்குப் பழகியதும் ஓட்டையெல்லாம் வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். ஊசிமுனை அளவு ஓட்டைகூடத் தப்பாது. ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்து மூங்கிலில் சிவப்பு நூலை முடிந்துகொண்டே போனேன். வெளியே வந்து பரிசலை நிமிர்த்திப் பார்த்தால் நூல் முடிச்சுகள் இரண்டு இடத்தில் கூட்டமாக இருந்தன. ஒன்று அடிப்பாகத்தில், துடுப்புப் போடுகிறவர் குந்தி உட்காரும் இடத்துக்கு நேர் கீழே. இன்னொன்று விளிம்புக்கு ஒரு சாண் கீழே, கரையேற்றும்போது எப்போதும் தரையில் உரசுகிற பக்கம். அங்கே கரையின் கான்கிரீட் விளிம்பின் மேல் இழுத்து இழுத்துத் தார் மட்டுமில்லை, சாக்கும் தேய்ந்து மூங்கிலே பல்லைக் காட்டியது. இந்த இரண்டாவது இடத்தைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய தாரை உரிப்பதற்கு நேரம் முக்கியம். விடிகாலைக் குளிரில் தார் இறுகி நொறுங்கும் பதத்தில் இருக்கும். மரச்சுத்தியால் லேசாகத் தட்டினாலே ஓடு ஓடாகப் பெயர்ந்து வரும். பத்து மணிக்கு மேல் அதே தார் இளகிக் கையோடும் உளியோடும் ஒட்டும், ஒரு சாண் உரிப்பதற்குள் பொறுமை போய்விடும். அதனால் ஏழு மணிக்குள் வந்து வெயில் ஏறும்வரை உரிப்பது, அப்புறம் நிழலில் மூங்கில் வேலை என்று வைத்துக்கொண்டோம். உரித்த சில்லுகளைத் தரையில் விடாமல் கீழே விரித்த தார்ப்பாயிலேயே சேர்த்தோம். மண் ஒட்டாத சில்லுகளை மறுபடி உருக்கலாம், மீதியைக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். குளத்துக்குள் ஒரு சில்லு விழக்கூடாது என்பதில் அண்ணன் என்னைவிடக் கறாராக இருந்தார். அவர் சாப்பாடு அதிலிருந்துதான் வருகிறது.

தாரும் சாக்கும் போனதும் எலும்புக்கூடு தெரிந்தது. பரிசலின் கட்டுமானம் பார்க்க எளிது, ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. நடுவில் மூங்கில் பிளாச்சுகளை, அதாவது நீளவாக்கில் பிளந்த பட்டைகளை, இரண்டு இரண்டாகச் சேர்த்துக் குறுக்கும் நெடுக்கும் மூலைவாட்டாகவும் போட்டு ஒரு சக்கரம் மாதிரி விரிக்கிறார்கள். அப்புறம் அவற்றுக்கிடையே சுற்றுப் பிளாச்சுகளை மேலும் கீழுமாக விட்டுப் பின்னிக்கொண்டே வெளியே வந்து, ஓரங்களை மேலே வளைத்து, கடைசியில் தடித்த விளிம்பில் எல்லா நுனிகளையும் கட்டுகிறார்கள். ஆணி கிடையாது. ஆணி இருந்தால் பரிசல் கல்லில் மோதும்போது அந்த இடம் பிளந்துவிடும். பின்னல் என்றால் மோதிய அடியை முழுப் பரிசலும் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து வாங்கிக்கொள்ளும். எங்கள் பரிசல் ஆறரை அடி குறுக்களவு, இரண்டடி ஆழம். அடியில் சில பிளாச்சுகள் முறிந்திருந்தன, விளிம்பில் ஏறக்குறைய கால்வாசி உளுத்து, நகத்தால் கீறினாலே மாவு கொட்டியது.

மூங்கில் வாங்க மண்டிக்குப் போகும்போது எது எதற்கு என்று தெரிந்து போக வேண்டும். பிளாச்சுக்குப் பொந்து மூங்கில், அதாவது உள்ளே குழலாக இருப்பது, கணுவுக்குக் கணு இடைவெளி நீளமாக இருப்பதாகப் பார்த்து எடுக்க வேண்டும். விளிம்புக்குக் கல் மூங்கில். உள்ளே ஏறக்குறைய கெட்டியாக இருக்கும், சுலபத்தில் முறியாது. இரண்டுமே ரொம்பப் பச்சையாகவும் இருக்கக்கூடாது, வெளுத்துக் காய்ந்தும் இருக்கக்கூடாது. அடிப் பிளாச்சு ஒரு விளிம்பிலிருந்து அடிப்பக்கமாக வளைந்து எதிர் விளிம்பு வரை போக வேண்டும் என்பதால் ஒன்பது அடிக்குக் குறைந்தால் பயன்படாது. தேய்பிறையில் வெட்டிய மூங்கில்தான் உளுக்காது என்று அண்ணன் உறுதியாகச் சொல்கிறார், மண்டிக்காரரிடமும் அதைத்தான் கேட்டார். பௌர்ணமி அமாவாசைக் கணக்கு எப்படியோ, மூங்கிலில் உள்ள மாவுச்சத்தைத் தின்னத்தான் உளுவண்டு வருகிறது. பிளந்த பிளாச்சைச் சில நாள் தண்ணீரில் ஊறப்போட்டால் அந்தச் சத்து கொஞ்சம் கரைந்து வெளியே போகும், வண்டுத் தொல்லை குறையும். ஊறிய தண்ணீர் ஒருமாதிரி புளித்த வாடை அடிக்கும், அது சத்து இறங்குவதற்கு அடையாளம். ஊறியது வளைக்கவும் இளக்கமாக இருக்கும்.

பிளப்பதுதான் இந்த முழு வேலையிலும் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. அரிவாளை நுனியில் வைத்துத் தட்டிப் பிளவைத் தொடங்கிவிட்டு, அப்புறம் அரிவாளால் வெட்டுவதே இல்லை, கையால் விரித்துக்கொண்டே போவதுதான். பிளவு நேராக ஓடாது, போகப் போக ஒரு பக்கம் மெலியும். அப்போது தடித்திருக்கிற பக்கத்தைக் கொஞ்சம் அதிகமாக வளைத்துப் பிடித்தால் பிளவு அந்தப் பக்கம் திரும்பி நடுவுக்கு வந்துவிடும். அண்ணன் இதைப் பேச்சுவாக்கில், குளத்தைப் பார்த்துக்கொண்டே செய்கிறார். கட்டைவிரல் மட்டும் தடிமனைத் தடவிக்கொண்டே போகிறது. இரண்டு விரல் அகலம், ஒரு பத்து ரூபாய் நாணயம் இரண்டை அடுக்கிய தடிமன். உள்பக்கத்துச் சோற்றை, அதாவது மெத்தென்ற பகுதியை, சீவி எறிந்துவிட வேண்டும், தோல் பக்கத்தைத் தொடக்கூடாது. வலு முழுக்கத் தோலில்தான் இருக்கிறது.

முறிந்த பிளாச்சை உருவி எடுக்கவில்லை. உருவினால் பக்கத்துப் பின்னலெல்லாம் தளர்ந்துவிடும். அதற்குப் பதில் புதுப் பிளாச்சைப் பழையதற்கு ஒட்டியே, அதே ஏற்ற இறக்கத்தில் விட்டு ஓட்டினோம். தோல் பக்கம் வெளியே, அதாவது தண்ணீர்ப் பக்கம் இருக்க வேண்டும். பின்னல் இறுகியிருந்த இடங்களில் ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரை நெம்புகோலாக வைத்து இடம் பண்ணிக்கொண்டு நுழைத்தோம். முழு நீளம் ஓட்டிய பிறகுதான் முறிந்த பழைய துண்டை வெட்டி எடுத்தோம். விளிம்பில் உளுத்த பாகத்தை அறுத்துவிட்டு, நல்ல பகுதிக்குள் இரண்டு பக்கமும் ஒரு முழம் ஏறுகிற மாதிரி கல் மூங்கிலைச் சேர்த்து நைலான் கயிற்றால் நெருக்கமாகச் சுற்றினோம். கயிற்றை நன்றாக இழுத்துக் கட்ட வேண்டும்.

அடுத்தது உறை. முன்காலத்தில் மாட்டுத்தோல் போர்த்தினார்கள், இப்போது சாக்கு. எந்தச் சாக்கு என்பதில் கரையிலேயே இரண்டு கட்சி உண்டு. உரச் சாக்கு, சிமென்ட் சாக்கு மாதிரி வெள்ளைப் பிளாஸ்டிக் சாக்கு மலிவு, மக்காது. ஆனால் கொதிக்கிற தாரை அதன்மேல் ஊற்றினால் சுருங்கிப் பொசுங்கும், ஏனென்றால் அந்தப் பிளாஸ்டிக் 160 டிகிரி அளவிலேயே உருகிவிடும், தாரைப் பூசுகிற சூடும் அதை ஒட்டித்தான். சணல் கோணி சூட்டைத் தாங்கும், தாரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், ஆனால் தார் விட்டுப்போன இடத்தில் தண்ணீர் ஏறினால் மக்கிவிடும். நாங்கள் இரண்டையும் போட்டோம். மூங்கிலை ஒட்டி முதலில் சணல் கோணி, அதற்குத் தார், தார் சூடு இறங்கிய பிறகு மேலே பிளாஸ்டிக் சாக்கு, அதற்கு மேல் மறுபடி தார். சிலர் விளம்பரப் பேனர் பிளெக்ஸைப் போர்த்துகிறார்கள். அது வழவழப்பு, தார் அதில் ஒட்டாமல் தோல் மாதிரி உரிந்து வருவதைப் பக்கத்துப் பரிசலில் பார்த்தோம், அதனால் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். சாக்குகளைப் பிரித்து அகலமாக்கி, ஒன்றின்மேல் ஒன்று ஒரு சாண் ஏறும்படி வைத்து, கோணூசியால் விளிம்போடு தைப்பது ஒரு முழுநாள் வேலை. அண்ணனின் மனைவி வந்து பாதியைத் தைத்தார். அவர் கை எங்கள் இரண்டு பேர் கையைவிட வேகம். வலை பின்னுவதும் அந்த வீட்டில் அவர்தான்.

சரி, தார். இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் ஆபத்தும் இருக்கிறது, பரிசலின் ஆயுளும் இருக்கிறது.

சாலைக்குப் போடுகிற சாதாரணத் தார் ஐம்பது டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். சித்திரை வெயிலில் கவிழ்த்துப் போட்ட கறுப்புப் பரிசல் அதைத் தாண்டிச் சுடும். தார் மெல்ல வழிந்து ஓரத்தில் குவிந்து, நடுவில் மெலிந்துபோகும். அதனால் மொட்டை மாடி ஒழுகாமல் இருக்கப் போடும் கெட்டித் தாரில், 85 டிகிரி வரை இளகாத ரகம் ஒன்று கடைகளில் கிடைக்கிறது, அதை மூன்றில் ஒரு பங்கு சேர்த்தோம். அதையே முழுக்கப் போட்டால் இறுகி விரிசல் விடும், மார்கழிக் காலையில் ஒரு கல் பட்டால் போதும். ஆறரை அடிப் பரிசலின் வெளிப்பரப்பு சுமார் 45 சதுர அடி. இரண்டு பூச்சுக்கும் சேர்த்து 15 கிலோவுக்கு மேல் தார் பிடித்தது.

உருக்கும் டின் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். அண்ணன் அதை வெயிலில் கவிழ்த்து வைத்து, துணியால் துடைத்து, அப்புறமும் வெறும் டின்னைக் கொஞ்ச நேரம் தணலில் காட்டினார். "ஒரு சொட்டுத் தண்ணி இருந்தாப் போதுமுங்க, பொங்கி மேல வந்துரும், ஓட முடியாது" என்றார். உண்மைதான், தாருக்கு அடியில் மாட்டிய தண்ணீர் ஆவியாகும்போது ஆயிரம் மடங்குக்கு மேல் விரியும், மேலே இருக்கிற தாரைத் தூக்கி வீசிவிடும். டின்னில் பாதிக்கு மேல் தார் போடக்கூடாது, தீ சுடர்விட்டு எரியக்கூடாது, தணல் போதும். தாரிலேயே தீப்பிடித்தால் மூடி போட்டு அணைக்க வேண்டும், தண்ணீர் ஊற்றவே கூடாது. மூடி ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுத்தான் அடுப்பையே மூட்டினோம். தாரை இளக்க மண்ணெண்ணெய் சேர்ப்பவர்கள் உண்டு. எரிகிற அடுப்புப் பக்கத்தில் அது வேண்டவே வேண்டாம். கையில் தடித்த உறை, முழுக்கைச் சட்டை, செருப்புக்குப் பதில் ஷூ, புகை வரும் பக்கத்தில் நிற்காமல் இருப்பது, இவ்வளவும் கட்டாயம்.

நுரை அடங்கி, மேற்பரப்பு கண்ணாடியாகி, குச்சியை விட்டெடுத்தால் நூலாக இறங்க வேண்டும். அதுதான் பதம். தூரிகை கடையில் வாங்கியதில்லை. தென்னை மட்டையின் அடியைத் தட்டி நசுக்கி நார் நாராக்கியது. பிளாஸ்டிக் நார்த் தூரிகை இந்தச் சூட்டுக்கு உருகிவிடும். அடிநடுவில் தொடங்கி வட்டமாக வெளியே வர வேண்டும், ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தேய்க்கக்கூடாது. முதல் பூச்சு கோணிக்குள் இறங்க வேண்டும் என்பதால் நல்ல சூட்டில் போனது. இரண்டாவதைக் கொஞ்சம் ஆறவிட்டுத் தடிப்பாகப் போட்டோம். தார் இறுகுவதற்குள் சலித்த எம்-சாண்ட் தூசியைக் கைநிறைய எடுத்து வீசித் தூவினோம். இல்லையென்றால் வெயிலில் பரிசலைத் தலைக்கு மேல் தூக்கும்போது கையும் தோளும் கறுப்பாகிவிடும், ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும்.

இவ்வளவும் செய்ய இடம் வேண்டும். ஒரு கட்டு மூங்கில், அடுப்பு, கவிழ்த்துப் போட்ட பரிசல், அதைச் சுற்றி வர நடை, மேலே மர நிழல். பெரியகுளத்தின் கரை இப்போது நடக்கிறவர்களுக்கு நன்றாக இருக்கிறது. சாயங்காலம் போனால் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள், குழந்தைகள் ஓடுகிறார்கள், இத்தனை பேர் குளத்தைப் பார்க்க வருவது எனக்குச் சந்தோஷம்தான். இருபது வருடத்துக்கு முன் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த இடம் இது. 2010ல் பொதுப்பணித் துறையிடமிருந்து குளத்தை மாநகராட்சி குத்தகைக்கு எடுத்தது, 2013 கோடையில் குளம் வறண்டு கிடந்தபோது தன்னார்வலர்களும் மாநகராட்சியும் சேர்ந்து தூர்வாரினார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயிரக்கணக்கானவர்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள், எடுத்த வண்டலால் கரை பலப்பட்டது. அப்புறம் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் நடைபாதையும் கைப்பிடியும் வந்தன. இந்த மொத்தக் கரையிலும் பரிசலை ஏற்றி இறக்க மண் சரிவு மட்டும் போதுமான அளவுக்கு இல்லை. அதனால்தான் கரையின் கான்கிரீட் விளிம்பின் மேல் இழுக்கிறார்கள், அதனால்தான் பரிசல் விளிம்புக்கு ஒரு சாண் கீழே அந்த இரண்டாவது ஓட்டைக் கூட்டம். அடியில் இருந்த ஓட்டை உழைத்துத் தேய்ந்தது. பக்கவாட்டில் இருந்தது கரையால் வந்தது. தண்ணீரில் தேய்வதைவிடக் கரையேறும்போதுதான் இங்கே பரிசல் அதிகம் தேய்கிறது.

அந்தப் பக்கத்துக்கு மட்டும் நாங்கள் கூடுதலாக ஒரு வேலை செய்தோம். பழைய லாரி டியூபை வெட்டி ஒரு முழ அகலப் பட்டையாக்கி, இரண்டாவது தார்ப்பூச்சு சூடாக இருக்கும்போதே அழுத்தி, மேல் ஓரத்தை விளிம்போடு தைத்துவிட்டோம். ரப்பர் உரசலைத் தாங்கும். கொஞ்சம் எடை கூடுகிறது, பரிசல் ஒரு பக்கம் சாய்கிறதா என்று பார்த்தோம், உட்காருகிற இடத்தைச் சற்று எதிர்ப்பக்கம் தள்ளினால் சரியாகிவிடுகிறது.

தார் இறுக விட்டு வைத்துவிட்டுத் தண்ணீரில் இறக்கினோம். முதலில் ஆளில்லாமல் ஒரு கயிற்றில் கட்டி மிதக்கவிட்டு, உள்ளே காய்ந்த மணலைத் தூவி வைத்தார் அண்ணன். கசிவு இருந்தால் மணல் அந்த இடத்தில் கறுக்கும். ஓர் இடத்தில் மட்டும் விரல்நுனி அளவு ஈரம் காட்டியது, தையல் துளை. அதைக் கரையேற்றிக் காயவைத்து ஒரு சொட்டுத் தார் வைத்ததோடு முடிந்தது.

பரிசலின் கணக்கு எனக்கு ஆச்சரியம். சுமார் 40 கிலோ எடை, ஒருவரே முதுகில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு போகலாம். அதில் நாங்கள் இரண்டு பேரும் வலையும் ஏறினால் மொத்தம் 200 கிலோ வரும், அதற்கு முக்கால் அடிதான் அமிழ்கிறது. தூர்ந்து போன பகுதிகளிலும் தரைதட்டாமல் போகலாம், அடியில் கட்டை துருத்திய படகு அங்கே வரவே முடியாது. ஓட்டுவது வேறு வித்தை. படகு மாதிரி பக்கத்தில் துடுப்புப் போட்டால் இருந்த இடத்திலேயே சுற்றும். முன்னால் குந்தி உட்கார்ந்து, துடுப்பை நேராக முன்னே விட்டு, 8 எழுதுகிற மாதிரி தண்ணீரைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். பரிசல் துடுப்பின் பின்னாலேயே வரும்.

தண்ணீரில் போனபோதுதான் குளம் எப்படி வேலை செய்கிறது என்பது கண்ணால் தெரிந்தது. வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யலின் குறுக்கே பழங்காலத்திலேயே தடுப்பணைகள் கட்டி, அங்கிருந்து ராஜவாய்க்கால்களில் நீரைத் திருப்பிக் குளம் குளமாக நிரப்பினார்கள். மேலே செல்வசிந்தாமணி குளம் நிறைந்தால் பெரியகுளத்துக்கு வரும், இது நிறைந்தால் வாலாங்குளத்துக்குப் போகும். ஆடி மழையில் மலைநீர் வரும் அதே வாய்க்காலில் மற்ற மாதங்களில் சாக்கடையும் சேர்ந்து வருகிறது. வரத்து வாய்க்கால் விழும் இடத்துப் பக்கம் போனால் கழியை ஊன்றியதும் கொழகொழவென்று இறங்குகிறது, இழுத்தால் குமிழி விட்டு நாற்றம் வருகிறது. நடுக்குளத்தில் கழி எட்டவில்லை, தண்ணீரும் வேறு. கரையில் நடக்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே தண்ணீர்தான்.

ஆகாயத்தாமரையும் அப்படித்தான். கரையிலிருந்து பார்த்தால் ஓரமாக ஒரு பச்சைத் திட்டு; கிட்டே போனால் வேரெல்லாம் பின்னிப் பரிசலே நுழைய முடியாத பாய். தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி, சாக்கடைச் சத்துள்ள தண்ணீரில் இரண்டு வாரத்தில் இரண்டு மடங்காகிவிடும். அது மூடிய இடத்தில் காற்றும் வெளிச்சமும் தண்ணீருக்குள் போவதில்லை. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் உள்ள எல்லாமே உயிர்வளியை (ஆக்சிஜனை) எடுத்துக்கொண்டே இருப்பதால் விடிகாலையில்தான் அது மிகக் குறைவாக இருக்கும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறதா என்று பார்க்க வேண்டிய நேரமும் அதுதான். "மொத ஜிலேபி மேல வராதுங்க, அது எதையும் தாங்கும். கட்லா வந்துருச்சுன்னா அன்னிக்குத் தண்ணி சரியில்லைன்னு அர்த்தம்" என்றார் அண்ணன். குளத்துத் தண்ணீரை ஆய்வுக்கு எடுக்கிறவர்கள் பகலில் வந்து கரையோரத்தில் பாட்டிலில் பிடித்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். விடிவதற்கு முன், நடுக்குளத்திலும் வரத்து வாயிலும் எடுத்தால் கிடைக்கிற விவரமே வேறாக இருக்கும். அதற்கு ஒரு பரிசலும் ஓட்டத் தெரிந்தவரும் வேண்டும், இரண்டும் இங்கேயே இருக்கிறது. ஆகாயத்தாமரை குட்டையாக, திட்டாக இருக்கும்போதே இழுத்துக் கரைசேர்க்கவும் இவர்களால் முடியும். பாயாகப் படர்ந்த பிறகு இயந்திரம் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பறவைகள் பரிசலுக்குப் பழகியிருக்கின்றன. கரையில் ஆள் நின்றாலே விலகிப்போகும் நாமக்கோழிகள் பரிசல் வந்தால் கொஞ்சம் நகர்ந்து வழிவிடுகின்றன. கூழைக்கடா வலை எடுக்கும் நேரத்துக்கு வந்து தள்ளி மிதக்கிறது. நீர்க்காகம் வலையிலிருந்தே மீனை உருவப் பார்க்கும், அண்ணன் துடுப்பைத் தண்ணீரில் ஓங்கி அடிப்பார், அது முங்கி இன்னோர் இடத்தில் தலையைத் தூக்கும்.

பரிசல் இப்போது தினமும் ஓடுகிறது, பங்கு கொடுக்க வேண்டியதில்லை. தார்ப்பூச்சை வருடம் ஒருமுறை, தென்மேற்கு மழை தொடங்கும் முன் வைகாசியிலேயே பார்த்துவிட வேண்டும்; மழைக்காலத்தில் மூங்கில் காயாது, ஈரத்தில் தார் ஒட்டாது. பைபர் பரிசல் வாங்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். விலை பல மடங்கு, கான்கிரீட் விளிம்பில் இழுத்தால் அதிலும் கீறல் விழும், கீறினால் சரிசெய்ய ரெசினும் கண்ணாடி நாரும் வேண்டும், நம் கையில் கிடைக்கிற சாமானில் முடியாது. சரிவு இருந்தால் மூங்கில் பரிசலே போதும்.

அந்தச் சரிவுக்காக அண்ணனும் கரையிலுள்ள மற்றப் பரிசல்காரர்களும் நானும் சேர்ந்து ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். வெறுமனே சரிவு வேண்டும் என்று கேட்டால் படிக்கட்டு கட்டிவிடுவார்கள் என்பதால் அளவோடு எழுதினோம். அகலம் 10 அடி. எட்டு அடி நீளத்துக்கு ஓர் அடி இறக்கம், அதற்கு மேல் செங்குத்தானால் ஈரப் பரிசலை ஒருவரால் இழுக்க முடியாது. நிறைந்த குளத்துக்கும் கோடைத் தண்ணீருக்கும் ஆறடி வித்தியாசம் வரும் என்று வைத்தால் சரிவின் நீளம் 48 அடி, அது தண்ணீருக்குள் போய் முடிய வேண்டும். மேலே கான்கிரீட் வேண்டாம், கரை அரிக்காதபடி இரண்டு ஓரமும் கல் கட்டி நடுவில் சரளையும் மண்ணும் போட்டு இறுக்கினால் போதும். சரிவின் தலைமாட்டில் இரண்டு சென்ட் மண் தரை, தார் வேலைக்கும் வலை காயப்போடவும், இருக்கிற மரங்களை வெட்டாமல். கைப்பிடியில் அந்தப் பத்தடிக்கு மட்டும் திறந்து மூடுகிற கதவு. சிங்காநல்லூர், குறிச்சி, வாலாங்குளம் பக்கம் பரிசல் வைத்திருப்பவர்கள் இதே அளவை எடுத்து, அவரவர் கரையின் உயரத்துக்குத் தகுந்தபடி நீளத்தை மட்டும் மாற்றிக்கொண்டு கேட்கலாம்.